எல்லா வழக்கிலும் மெட்ராஸ்

பக்கத்து வீட்டுப் பையன் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்குச் செட்டியார்பட்டி வந்தால் மாலையில் என் திண்ணைக்கு வந்துவிடுவான். போன மாதம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான்: "தாத்தா, அரசியல் சட்டம் வந்த முதல் ரெண்டு வருஷத்து வழக்கு எல்லாத்திலயும் மெட்ராஸ், மெட்ராஸ்னே வருதே. மத்த மாகாணத்துல எல்லாம் சண்டையே போடலையா?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கு வழக்குகளை வரிசையாக எழுதி வைத்திருந்தான். ஏ.கே. கோபாலன் வழக்கு, ரொமேஷ் தாப்பர் வழக்கு, செண்பகம் துரைராஜன் வழக்கு, வி.ஜி. ராவ் வழக்கு. நான்கிலும் ஒரு பக்கம் ஒரு தனி மனிதர். மறு பக்கம் மெட்ராஸ் மாநில அரசு.

"இந்த நாலு வழக்கும் நடந்தப்ப மெட்ராஸுக்கு முதல் மந்திரி யாரு?" என்றேன். ராஜாஜி என்றான். இல்லை. காமராஜர் என்றான். அதுவும் இல்லை. "நீ தினம் பஸ் ஏறிப் போற ராஜபாளையத்துக்காரர்தான்ப்பா" என்றதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. செல்போனில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

பூ.ச. குமாரசாமி ராஜா 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். காந்தியவாதி. 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்தின் பிரதமரானார். அன்றைக்கு அந்தப் பதவிக்கு அதுதான் பெயர். 1950 ஜனவரி 26-க்குப் பிறகு முதலமைச்சர் என்றானது. 1952 ஏப்ரல் வரை பதவியில் இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது. நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய அரசு செய்ததைப் படிக்கும்போது ஒரு இடத்தில் கைதட்டத் தோன்றுகிறது, அடுத்த பக்கத்திலேயே கை நின்றுவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பக்கங்களைப் பற்றியது.

அதற்கு முன் என் படிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா செட்டியார்பட்டியிலிருந்து புதுச்சேரிக்கு மில் வேலைக்குப் போனவர். நான் பிறந்தது 1950. அரசியல் சட்டத்துக்கும் எனக்கும் ஒரே வயது. புதுச்சேரி நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் வந்துவிட்டாலும் சில பள்ளிகள் பிரெஞ்சிலேயே நடந்தன. நான் படித்தது அப்படி ஒன்றில். எனக்குச் சேர சோழ பாண்டியரைவிடப் பதினாறாம் லூயிதான் முதலில் அறிமுகம்!

1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 17 பிரிவுகளையும் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். சுதந்திரம், சமத்துவம் என்று ஆரம்பித்து, கடைசிப் பிரிவில் சொத்துரிமையைக் கொண்டுபோய்க் கருவறைக்குள் வைத்துவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மில் தொழிலாளர் பிள்ளைகள். யாராவது வந்து பறித்துக்கொள்ளும் அளவுக்கு எங்களில் ஒருவரிடமும் சொத்து கிடையாது. ஆனாலும் உரக்கத்தான் ஒப்பித்தோம்.

1793-ல் புரட்சிக்காரர்கள் இன்னொரு பிரகடனம் எழுதினார்கள். அதில் ஏழைகளுக்கு உதவுவதும் வேலை தருவதும் சமூகம் பட்ட கடன் என்று சேர்த்தார்கள். தர்மம் என்ற இடத்தில் கடன் என்ற சொல் வந்தது. எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் அந்த 1793 அரசியல் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் போட்ட சந்தேக நபர்கள் சட்டம். யார் மேல் சந்தேகம் வந்தாலும் பிடித்து உள்ளே போடலாம். பள்ளியில் இந்த இரண்டையும் இரண்டு தனித்தனிப் பாடமாக நடத்தினார்கள். இரண்டையும் எழுதியது ஒரே சபை என்று எனக்கு உறைத்தது பணி ஓய்வு பெற்ற பிறகுதான்.

மெட்ராஸுக்கு வருகிறேன். முதலில் கைதட்டத் தோன்றும் பக்கம்.

மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரிக்கும் அரசாணை நீதிக்கட்சிக் காலத்திலிருந்து வளர்ந்து வந்தது. 1950-ல் கணக்கு இப்படி: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியல் சட்டம் வந்தவுடன் இதை எதிர்த்து வழக்கு. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. போட்டாலும் கிடைக்காது என்பதுதான் வாதம். அவருக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் இருந்தவரே வந்து நின்றால் எதிர்த்தரப்பு என்ன செய்யும்? 1950 ஜூலையில் அரசு தோற்றது. குமாரசாமி ராஜா அரசு உச்ச நீதிமன்றம் போனது. 1951 ஏப்ரல் 9-ல் அங்கும் தோற்றது.

தீர்ப்பின் அடிப்படை எளிது. சாதியையோ மதத்தையோ மட்டும் காரணம் காட்டி ஒரு குடிமகனுக்குக் கல்லூரி இடத்தை மறுக்கக் கூடாது என்பது அடிப்படை உரிமை. பலவீனமான பிரிவினரின் கல்வியை அரசு கவனிக்க வேண்டும் என்று 46-ஆவது பிரிவு சொல்வது வழிகாட்டும் கொள்கை மட்டுமே. இரண்டும் மோதினால் உரிமைதான் மேலே, கொள்கை கீழே. இருபது ஆண்டு கழித்து, 1971-ல், ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் நீதியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அடிப்படைச் சுதந்திரங்களுக்கு முதலிடம், பொருளாதார நியாயம் அதற்குப் பின் என்று அவரும் ஒரு வரிசை வைத்தார். ஆனால் அவர் அந்த இரண்டாவது இடத்தை அலங்காரத்துக்கு விடவில்லை. ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைசியில் இருப்பவனுக்கு நன்மை செய்தாக வேண்டும் என்றார். எங்கள் தீர்ப்பில் அந்தக் கடைசி ஆள் வெறும் அறிவுரையாக நின்றுபோனான்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் இதைத்தான் எச்சரித்திருந்தார். ஓட்டில் எல்லோரும் சமம், வாழ்க்கையில் சமமில்லை என்ற முரண்பாட்டோடு நாம் ஜனவரி 26-க்குள் நுழைகிறோம் என்றார். அந்த முரண்பாடு கோர்ட் படியேற ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இனி அடுத்த பக்கம்.

1950 மார்ச் 1-ஆம் தேதி மெட்ராஸ் அரசு செய்த இரண்டு காரியங்களைப் பாருங்கள். ஒன்று, 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குப் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் ஒரு உத்தரவைச் சிறையிலேயே கொடுத்தது. இன்னொன்று, பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மெட்ராஸ் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. ஒன்பது நாள் கழித்து, மார்ச் 10-ல், மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் பாரிஸ்டர் வி.ஜி. ராவ். சங்கத்தின் நோக்கமாக எழுதி வைத்திருந்தது விஞ்ஞான அறிவை, குறிப்பாகச் சமூக விஞ்ஞானத்தை, மக்களிடம் பரப்புவது. அரசு அதைக் கம்யூனிஸ்ட் கட்சியின் முகமூடி என்றது.

இதற்கெல்லாம் முன்பு, 1950 பிப்ரவரி 11-ல், சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 கைதிகள் இறந்தார்கள். குடியரசுக்கு அன்று வயது 16 நாள்.

அரசுக்குப் பயம் இருந்தது உண்மை. கம்யூனிஸ்ட் கட்சி 1948-ல் ஆயுதப் புரட்சி வழியை எடுத்திருந்தது. தெலங்கானாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயத் தத்துவாசிரியர் ஹாப்ஸ் 1651-லேயே இந்தப் பயத்துக்கு ஒரு சித்தாந்தம் எழுதிவிட்டார்: அரசு இல்லையென்றால் மனிதன் மனிதனை அடித்துக்கொள்வான், ஆகவே உயிர் பிழைக்க எல்லா அதிகாரத்தையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடு. ஹாப்ஸின் ஊரில் அப்போது உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. அதனால் அவர் பயத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. கதவு பூட்டிய சிறைக்குள் இருந்த 22 பேரைப் பார்த்து என்ன பயம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கோபாலன் வழக்கில் எம்.கே. நம்பியார் வாதாடினார். 1950 மே 19-ல் தீர்ப்பு. சட்டம் சொன்ன நடைமுறைப்படி பிடித்திருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் பிடித்தோம் என்ற காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக்கூடாது என்றிருந்த 14-ஆவது பிரிவு மட்டும் விழுந்தது. ஒரு வாரம் கழித்து, மே 26-ல், 'கிராஸ் ரோட்ஸ்' தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, நம் தமிழ்நாட்டுக்காரர். அரசைக் கவிழ்க்கும் அளவு ஆபத்து இருந்தால் பத்திரிகையைத் தடுக்கலாம், பொது ஒழுங்கு என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் தடுக்க முடியாது என்றார்.

இப்போது டெல்லி. தோற்றது மெட்ராஸ் மட்டும் இல்லை. பீகாரின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் செல்லாது என்றுவிட்டது. நேரு 1951 மே மாதம் முதல் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஜூன் 18-ல் அது சட்டமானது. அதில் மூன்று முக்கியமான சங்கதிகள். செண்பகம் தீர்ப்புக்கு விடையாக 15(4): பிற்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம். ஜமீன் வழக்குகளுக்கு விடையாக 31-ஏ, 31-பி, ஒன்பதாவது அட்டவணை: அதில் வைத்த 13 சட்டங்களைக் கோர்ட் தொட முடியாது, மெட்ராஸின் இரண்டு எஸ்டேட் சட்டங்களும் அதில் அடக்கம். 'கிராஸ் ரோட்ஸ்' தீர்ப்புக்கு விடையாக 19(2): பொது ஒழுங்குக்காகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம்.

படிக்கும் வாய்ப்பு, உழுபவனுக்கு நிலம், பேசுபவனுக்கு வாய்ப்பூட்டு. மூன்றும் ஒரே மசோதாவில், ஒரே மையில். முதல் இரண்டை வேண்டும் என்பவர் மூன்றாவதையும் சேர்த்துத்தான் கைதூக்க வேண்டியிருந்தது. எனக்கு 1793 ஞாபகம் வந்தது இங்கேதான்.

ஆனால் ஒரு சின்ன விஷயம். குமாஸ்தா கண்ணுக்குத்தான் இது படும். முதலில் எழுதிய 19(2)-ல் 'நியாயமான' கட்டுப்பாடு என்ற சொல் இல்லை. திருத்தம் கட்டுப்பாட்டுக்கான காரணங்களைப் பெருக்கியது. கூடவே அந்த ஒரு சொல்லையும் உள்ளே வைத்தது. எது நியாயம் என்று யார் சொல்வது? கோர்ட்தான் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினார்கள், தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம் இருந்தது.

அந்த 'நியாயமான' என்ற சொல்லுக்கு அளவுகோல் செய்தது வி.ஜி. ராவ் வழக்கு. சங்கங்களைப் பற்றிய பிரிவில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. 1952 மார்ச் 31-ல், அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்புச் சொன்னார். சங்கத்தைத் தடை செய்ய அரசு பயன்படுத்தியது 1908-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. 1930-களில் காங்கிரஸ் அமைப்புகளையே சட்டவிரோதம் என்று அறிவிக்கப் பயன்பட்டது. காங்கிரஸ் ஆட்சி அதைத் தூசி தட்டி, மெட்ராஸுக்கென்று திருத்தி, மறுபடி எடுத்தது. கெஜட்டில் ஒரு அறிவிப்பு வந்தால் சங்கம் முடிந்தது. முன்கூட்டி நோட்டீஸ் இல்லை. ஆலோசனைக் குழு ஒன்று காகிதங்களைப் பார்க்கும், ஆனால் சங்கத்தார் நேரில் போய்ப் பேச முடியாது, வக்கீலும் வைக்க முடியாது. கட்டுப்பாட்டின் அளவு, அதன் அவசரம், அது எப்படிச் செய்யப்படுகிறது என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் நியாயமா என்று சொல்ல வேண்டும், இது நியாயமில்லை என்று தீர்ப்பு.

இந்த வழக்கு என்னைத் தனிப்பட்ட முறையில் தொடும். 1970-களில் ஒரு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராக இருந்தேன். ஒரு பெட்டிக்கடையின் உரிமத்துக்குக் கட்டணம் கட்டவில்லை என்று பதிவேட்டில் இருந்தது. ரத்து செய்யலாம் என்று குறிப்பு எழுதி, உத்தரவையும் தட்டச்சு செய்து மேலே அனுப்பினேன். என் அதிகாரி பிரெஞ்சுக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கோப்பு சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

"தம்பி, அந்தக் கடைக்காரர்கிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

"ரிஜிஸ்டர்ல தெளிவா இருக்கு சார்."

"ரிஜிஸ்டர் நாம எழுதினது. அவர் எழுதினது இல்லையே."

அரசு அதிகாரி தன் எல்லையை மிஞ்சினால் சாதாரணக் குடிமகன் அதை எதிர்த்து முறையிடலாம் என்று பிரெஞ்சு நிர்வாகச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 'எக்ஸே தெ பூவ்வார்', அதிகார மிஞ்சல் என்று அதற்குப் பெயர். அன்றைக்கு அரை மணி நேரம் அதை எனக்கு விளக்கினார். நோட்டீஸ் அனுப்பினோம். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து வைத்தார். பணம் கட்டியிருக்கிறார். எங்கள் ஆட்கள் அடுத்த வரியில் இன்னொருவர் பெயருக்கு எதிரே பதிந்துவிட்டார்கள். பதிந்தது என் கையெழுத்து! இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரூசோவின் பொது விருப்பம், ஹாப்ஸின் பூதம் என்று பெரிய பெயரெல்லாம் சொல்கிறோம். நான் பார்த்த அரசு அதிகாரம் ஒரு எழுத்தர் தவறான வரியில் போட்ட பதிவு.

அப்படியானால் அரசைக் கட்டிப்போட்டால் போதுமா என்று கேட்பீர்கள். அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அம்மாவின் அப்பா இந்தப் பக்கத்து ஜமீன் கிராமம் ஒன்றில் வாரத்துக்கு உழுதவர். 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, 1949-லிருந்து ஜமீன்களை அரசு எடுத்துக்கொண்டது. ஊரெல்லாம் இனி நிலம் நமக்கு என்று பேச்சு. ஆனால் சட்டம் பட்டா கொடுத்தது ஜமீனுக்கு நேரடியாக வரி கட்டிய ரயத்துக்கு. ரயத்திடம் வாரத்துக்கு வாங்கி உழுத என் தாத்தா அந்தக் கணக்கிலேயே இல்லை. நிலத்தில் உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் சொந்தமாகிறது என்றார் ஜான் லாக். அவர் கணக்குப்படி முப்பது வருஷம் உழுத தாத்தாவுக்குத்தான் அது சேர வேண்டும். லாக்கின் பெயரைச் சொல்லியே காலங்காலமாக நிலச்சுவான்தார்கள் தங்கள் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். பட்டா கைக்கு வந்த ரயத்து, அடுத்த விதைப்புக்கு ஆளை மாற்றிவிட்டார். 1955-ல் குத்தகைதாரரைக் காக்கச் சட்டம் வந்தபோது தாத்தா அந்த நிலத்தில் இல்லை. அப்பா மில்லுக்குப் போன கதையின் தொடக்கம் இதுதான்.

அதனால் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. அரசு பாதி வழியில் நின்றதால் தாத்தா நிலம் இழந்தார். 15(4) என்ற ஒரு பிரிவு இருந்ததால் என் மகள் பொறியியல் படித்தாள். அதே திருத்தத்தின் இன்னொரு பிரிவைக் காட்டி எத்தனையோ பேரைப் பேசவிடாமல் தடுத்தார்கள். மகளின் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருவதில்லை என்று சொன்னால் பொய்.

1952 பொதுத் தேர்தலில் குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அவருடைய அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். அவர் அரசு சிறையில் வைத்திருந்த கோபாலன் அதே தேர்தலில் மலபாரிலிருந்து ஜெயித்து மக்களவைக்குப் போனார். ராஜா பிறகு ஒரிசா ஆளுநராக இருந்து 1957-ல் காலமானார். கோபாலன் வழக்கில் ஃபசல் அலி தனியாக நின்று சொன்னதை, 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது.

இதையெல்லாம் பையனிடம் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. தெருவில் நைட்டி தைக்கும் மெஷின்களின் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. அவன் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே கேட்டான்: "தாத்தா, வி.ஜி. ராவ் கேஸ் பத்து மார்க்தான். அந்தப் பெட்டிக்கடைக் கதையை எழுதினா மார்க் போடுவாங்களா?"

போட மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். எழுதிவிட்டு வந்தானாம். ரிசல்ட் இன்னும் வரவில்லை.